ஈரப்பதம்

காணும் பொங்கல் கழிந்து மூன்றாம் ராத்திரி.
தலைஞாயிறு தாண்டி, கொள்முதல் நிலையத்துக் களத்தில்
குவிந்து கிடக்கிறது என் நெல்.
பக்கத்தில் சாக்கு விரித்து நான்.
இருபத்தொன்று புள்ளி நாலு என்றது மீட்டர்.
பதினேழுக்கு இறங்கினால்தான் மூட்டை.
மூட்டை ஏறினால்தான் காசு.
பனிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது,
தார்ப்பாய் மேல் சொட்டுச் சொட்டாய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பையை அவிழ்த்தேன்.
படையலுக்கு வாங்கி மிஞ்சிய காய்:
அரைக் கீற்றுப் பரங்கி, நரம்பு முற்றிய அவரை,
ஒரு கை பச்சை மொச்சை, முள்ளங்கி இரண்டு,
வால் சூம்பிய சர்க்கரைவள்ளி.

அப்போது மொபெட்டை நிறுத்தினாள்
புஷ்பவனத்து அஞ்சம்மாள்.
'ரெண்டு நாள்ல தை அமாவாசை,
இனிமே எவ வாங்குவா?
நீலக்கால் நண்டு, ஆறு இருக்கு, கால் ஒடிஞ்சது.
நெலா தேயற நாளு, சதை கட்டியிருக்கும்.
அம்பது குடு.'

'பொங்கக் காயிலயா நண்டு?'
லோடுமேன் வீரையன் காதைப் பொத்திக்கொண்டான்.
சாமி சாப்பிட்டு மூணு நாளாச்சு, என்றேன்.
இனி காய் வெறும் காய்தான்.

ஆத்தூரிலிருந்து அறுவடை மெஷின் ஓட்டி வந்த
சின்னப்பையன் குண்டான் கொடுத்தான்.
வயல் காயும்வரை அவனுக்கும் வேலையில்லை.
ஓட்டை உடைக்க ஸ்பேனரை எடுத்தவனை
டீசல் வாடை போக மூன்று தரம் கழுவ வைத்தேன்.
மிளகும் சீரகமும் பூண்டும்
துணியில் முடிந்து செங்கல்லால் நசுக்கினோம்.
உப்பு மறந்துபோயிருந்தது.
ஐஸ் பெட்டியின் அடியைத் துழாவி
அஞ்சம்மாள் ஒரு பிடி கல்லுப்பு எடுத்தாள்,
ஒரு மீன் செதிலோடு.

மொச்சை முதலில்; அது பிடிவாதம்.
பிறகு அவரை, முள்ளங்கி, கிழங்கு.
பரங்கி கடைசியில்,
அது கரைவதற்கென்றே பிறந்தது.
கருவேலஞ் சுள்ளி வெடித்து எரிய
செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தோம்.
நீலம் போய்ச் சிவந்துகொண்டிருந்தன நண்டுகள்,
யாரோ ரகசியம் சொன்னதுபோல.

வாசனைக்கு வந்தார் பில் கிளார்க் கலைவேந்தன்,
கையில் மீட்டரோடு.
தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொள்வாராம்.
'சார், இதுல விட்டுப் பாருங்க,
எவ்வளவு காட்டுது?' என்றான் வீரையன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துப்போய்
வழி தெரியாமல் நின்ற மனிதருக்கு
டம்ளர் நிறையச் சாறு ஊற்றினேன்.
இருந்ததிலேயே பெரிய கொடுக்கையும் போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

உறைப்பு முதலில் காதுக்குப் போனது.
அப்புறம் பரங்கியின் தித்திப்பு,
அதற்கும் அடியில்
கடல், ஒரு விரற்கடை.
ஒருவரும் பேசவில்லை.
உறிஞ்சும் சத்தம், ஓடு உடையும் சத்தம்,
தூரத்தில் வாய்க்கால் மதகு.
மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளார்க் சொன்னார்:
'வெயில் வந்தா பாப்போம்.'

வந்தது. மறுநாள் மூன்று மணி வரை
காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்தேன்.
பதினேழு புள்ளி மூன்று.
பேனா மூடியைக் கடித்தபடி
கொஞ்ச நேரம் நெல்லைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
பதினேழு என்று எழுதினார்.
வெயிலா, நண்டா?
நானும் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் மூட்டையைத்
தைத்துக்கொண்டிருந்தான் வீரையன்.
கடைசி முடிச்சுக்கு முன்னால் பார்த்துவிட்டேன்:
நெல்லோடு நெல்லாய்
விரல் நீளத்தில் ஒரு சிவப்புக் கொடுக்கு.
இருட்டில் யார் எறிந்ததோ.
சொல்ல வாயெடுத்தேன்.
ஊசி மறுபக்கம் வந்துவிட்டது.

லாரி ஏறிப் போகிறது.
எந்த அரவை மில்லின் எந்தச் சல்லடையில்
நின்று பிடித்துக்கொள்ளுமோ அது,
எடை போட்டுக் காசு வாங்கிய
என் ஒரே நண்டு.